இலை ஒளிரும், இரத்தம் ஏன் ஒளிராது?

அறிவியல் மன்றப் பக்கம்



இந்த முறை ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். முருங்கை இலை பச்சை. நம்ம இரத்தம் சிவப்பு. இரண்டுக்கும் ஏதாவது சொந்தம் உண்டா? "இல்லை"ன்னு சொன்னா அது பாதி பதில்தான். இலையின் பச்சையமும் இரத்தத்தின் ஹீமும் ஒரே குடும்பம். இரண்டிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்நோக்கிப் பார்த்தபடி இருக்கும் ஒரு பெரிய கரிம வளையம் உண்டு. இந்த வளையக் குடும்பத்துக்குப் போர்பிரின் என்று பெயர். வளையத்தின் நடுவில் ஓர் உலோகம் உட்கார்ந்திருக்கிறது. பச்சையத்தில் மக்னீசியம், ஹீமில் இரும்பு. அதாவது இரண்டுமே நம்ம பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் வரும் அணைவுச் சேர்மங்கள். வளையம்தான் ஈனி.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம். ஊதா ஒளி அடிச்சா பச்சையம் சிவப்பாக ஒளிரும். இரத்தம் ஒளிராது. நடுவில் இருக்கிற ஒரே ஒரு உலோக அணு மாறினதுக்கு ஏன் இவ்வளவு பெரிய மாற்றம்? இதுதான் இன்றைய பாடம். கடைசியில் இது நம்ம உடல் நலம் வரைக்கும் வந்து நிற்கும், பொறுமையா படிங்க!

முதலில் செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு கைப்பிடி பசலைக்கீரை அல்லது முருங்கைக்கீரை, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், வடிகட்டும் தாள், ஒரு கண்ணாடிக் குழாய், கள்ள நோட்டு பார்க்கப் பயன்படும் ஊதா டார்ச்.

கீரையை நசுக்கி ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். அழகான பச்சைக் கரைசல் கிடைக்கும். அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பச்சைக் கரைசல் இரத்தச் சிவப்பா ஒளிர்வதைக் காணலாம்! டார்ச்சை அணைத்த உடனே ஒளிர்வும் போய்விடும்.

எச்சரிக்கை: ஸ்பிரிட் தீப்பற்றும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ கூடாது. ஊதா டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது.

இன்னொரு படி உண்டு. இதை ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டும்தான் செய்ய வேண்டும். அந்தப் பச்சைக் கரைசலில் சில துளி நீர்த்த அமிலம் விட்டால் அது பழுப்பு கலந்த பச்சையாக மாறும். மக்னீசியம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். (சாம்பாரில் புளி சேர்ந்ததும் கீரையின் பளிச்சென்ற பச்சை போய்விடுவதும் இதே காரணத்தால்தான்.) இப்போது கொஞ்சம் மயில்துத்தக் கரைசல் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கினால், தாமிரம் காலி இடத்தில் போய் உட்காரும். பளிச்சென்ற பச்சை திரும்ப வரும். ஆனால் ஊதா டார்ச் அடித்தால் அந்தச் சிவப்பு ஒளிர்வு வராது!

பார்வைக்கு அதே பச்சை. வளையமும் அதேதான். நடுவில் மக்னீசியத்துக்குப் பதில் தாமிரம். ஒளி எங்கே போனது?

ஒளி உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

ஒரு மூலக்கூறு ஒரு ஃபோட்டானை விழுங்கினால் அதன் எலக்ட்ரான் மேல் மாடிக்குத் தாவுகிறது. இதுதான் கிளர்வுற்ற நிலை. மேல் மாடியில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. கீழே இறங்கியாக வேண்டும். இறங்குவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

ஒன்று: ஆற்றலை ஒளியாக வெளியிட்டு இறங்குவது. இதுதான் ஃபுளோரசன்ஸ், தமிழில் உடனொளிர்தல். 1852-இல் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் ஸ்டோக்ஸ். உள்ளே போன ஒளியைவிட வெளியே வரும் ஒளியின் அலைநீளம் பொதுவாக அதிகமாக இருக்கும் என்று காட்டியவரும் அவரே. அதனால்தான் ஊதா உள்ளே போய் சிவப்பு வெளியே வருகிறது.

இரண்டு: ஒளியே இல்லாமல், அதிர்வாகவும் வெப்பமாகவும் ஆற்றலைக் கரைசலுக்குக் கொடுத்துவிட்டு இறங்குவது.

மூன்று: எலக்ட்ரானின் தற்சுழற்சி மாறி, "மும்மை நிலை" என்ற இன்னொரு மாடிக்கு நகர்ந்து, அங்கிருந்து இறங்குவது.

ஒரு வாளியில் தண்ணீர் இருக்கிறது, அடியில் மூன்று ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஓட்டை பெரிதோ அதன் வழியாகத்தான் அதிகத் தண்ணீர் போகும். ஒளியாக வெளியேறும் ஓட்டை எப்பவும் சின்ன ஓட்டைதான். பச்சையத்தில் அது மட்டும் இருந்தால், கிளர்வுற்ற நிலை காலியாக சுமார் 20 நானோ வினாடி ஆகும். மற்ற ஓட்டைகளும் சேர்ந்து ஒழுகுவதால், ஈதர் போன்ற கரைப்பானில் அது சுமார் 6 நானோ வினாடிதான் நிலைக்கிறது. அப்படியானால் ஒளியாக வரும் பங்கு எவ்வளவு? 6-ஐ 20-ஆல் வகுத்தால் 0.3. அதாவது விழுங்கிய 100 ஃபோட்டானுக்கு சுமார் 30 ஒளியாகத் திரும்புகிறது. அதனால்தான் கண்ணுக்கே தெரிகிறது.

இப்போ ஒரு பெரிய ஓட்டை போடுவோம். அது 1 பிக்கோ வினாடியில் வாளியைக் காலி செய்துவிடும் என்றால்? 20 நானோ வினாடி என்பது 20,000 பிக்கோ வினாடி. ஆக 20,000-இல் ஒரு ஃபோட்டான்தான் ஒளியாக வரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தாமிரம் செய்வதும் இரும்பு செய்வதும் இதைத்தான். ஒளிர்வது, ஒளிராதது என்பதெல்லாம் ஒரு ஓட்டப்பந்தயத்தின் முடிவு!

காலத்தை அடிஸ்கேலால் அளக்கலாம்

நானோ, பிக்கோ, ஃபெம்டோ... தலை சுத்துதா? உங்க ஜியோமெட்ரி பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் 30 செ.மீ. ஸ்கேலை எடுங்க. ஒளி ஒரு வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும். அந்த வேகத்தில் இந்த ஸ்கேலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஆகும் நேரம் 1 நானோ வினாடி. ஒரு மில்லி மீட்டர் கோட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கடக்க 1 பிக்கோ வினாடி. அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு 1 ஃபெம்டோ வினாடி. அதற்குள் ஒளி 0.3 மைக்ரோ மீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

இன்னொரு விதமாகச் சொன்னால், ஒரு வினாடிக்கு ஃபெம்டோ வினாடி எவ்வளவு சின்னதோ, சுமார் 3 கோடியே 17 லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு வினாடி அவ்வளவு சின்னது.

இவ்வளவு சின்ன நேரத்தை எந்த ஸ்டாப் வாட்ச் அளக்கும்? எந்த மின்னணுக் கருவியும் போதாது. ஆனா மேலே சொன்ன ஸ்கேல் கணக்கிலேயே வழி இருக்கு. காலத்தை நேராக அளக்க முடியாவிட்டால், தூரத்தை அளந்து காலமாக மாற்றிக்கொள்ளலாம்!

நம்ம பக்கத்திலேயே ஓர் ஆய்வு மையம்

இந்த மாதிரி அளவீடுகள் ஏதோ வெளிநாட்டில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியா வேளச்சேரி போய், பறக்கும் ரயிலில் ஏறினால் பெருங்குடிக்கு அடுத்த நிலையம் தரமணி. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மீவிரைவு நிகழ்வுகளுக்கான தேசிய மையம் அமைக்கப்பட்டது. பிக்கோ வினாடி, ஃபெம்டோ வினாடி லேசர்களைக் கொண்டு மூலக்கூறுகளின் கிளர்வுற்ற நிலையை ஆராய்வதே அதன் வேலை.

அந்த மையத்தின் இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் பரமசிவம் நடராஜன் (1940–2016). உலோக அணைவுச் சேர்மங்கள் மீது ஒளி பட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. நீண்ட பாலிமர் சங்கிலிகளில் சாய மூலக்கூறுகளைக் கோத்து, அவற்றின் ஒளி வேதியியலையும் ஆராய்ந்தார். 1984-இல் வேதியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார்.

சரி, அளப்பது எப்படி? இரண்டு முறைகளைச் சொல்கிறேன்.

முதல் முறை, ஒற்றை ஃபோட்டான் எண்ணுதல். லேசர் துடிப்பு ஒன்று கரைசலைத் தாக்கியதும் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஒளிர்விலிருந்து ஒரு ஃபோட்டான் வந்து சேர்ந்ததும் நிற்கும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். இதே மாதிரி லட்சக்கணக்கான முறை செய்து வரைபடம் போட்டால், ஒளிர்வு எப்படித் தேய்கிறது என்று தெரியும். நானோ வினாடிக் கணக்கில் ஒளிரும் பச்சையத்துக்கு இது போதும்.

இரண்டாவது முறை பிக்கோ வினாடிக்கும் கீழே போக. நம்ம ஊர் ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட் திறந்திருக்கும் நேரத்தில் வரும் வண்டி மட்டும்தான் தாண்டும். இங்கேயும் ஒரு கேட் உண்டு, ஆனால் அதுவே ஒரு ஒளித் துடிப்பு!

லேசரிலிருந்து வரும் மிகக் குட்டையான துடிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் துடிப்பு கரைசலைக் கிளர்வுறச் செய்யும். ஒளிர்வைக் கண்ணாடிகளால் திரட்டி ஒரு சிறப்புப் படிகத்துக்குள் அனுப்புவார்கள். இரண்டாவது துடிப்பும் அதே படிகத்துக்கு வரும். இரண்டும் படிகத்தில் ஒரே சமயத்தில் சந்தித்தால் மட்டும், அவற்றின் ஆற்றல்கள் கூடி புதிய ஒளி பிறக்கும். உதாரணமா, 650 நானோ மீட்டர் ஒளிர்வும் 800 நானோ மீட்டர் கேட் துடிப்பும் சேர்ந்தால் சுமார் 359 நானோ மீட்டரில் புற ஊதா ஒளி வரும். (1-ஐ 650-ஆல் வகுத்து, 1-ஐ 800-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டி, தலைகீழாக்கிப் பாருங்க!) அந்தப் புற ஊதா ஒளியின் அளவுதான், கேட் திறந்திருந்த அந்த நொடித்துணுக்கில் ஒளிர்வு எவ்வளவு இருந்தது என்பதற்குச் சாட்சி.

கேட்டைத் தள்ளித் திறக்க வேண்டுமா? இரண்டாவது துடிப்பின் பாதையில் இருக்கும் கண்ணாடியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் போதும். ஒளி போய்த் திரும்ப வேண்டும் என்பதால், கண்ணாடி 15 செ.மீ. நகர்ந்தால் 1 நானோ வினாடி தாமதம். 0.15 மி.மீ. நகர்ந்தால் 1 பிக்கோ வினாடி. தலைமுடியின் தடிமன் அளவு நகர்ந்தால் ஏறத்தாழ அரை பிக்கோ வினாடி. அடிஸ்கேல் கணக்குதான், ஆனா ரொம்பத் துல்லியமான ஸ்கேல்!

மூலக்கூறுகளின் இயக்கத்தை ஃபெம்டோ வினாடிக் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததற்காக எகிப்தில் பிறந்த அகமது ஸெவைல் 1999-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்?

இப்போது போர்பிரின் குடும்பத்தின் நான்கு உறுப்பினர்களை வரிசையா நிறுத்திப் பார்ப்போம்.

மக்னீசியம் (பச்சையம்): ஒளிரும். கிளர்வுற்ற நிலை கரைசலில் சுமார் 6 நானோ வினாடி.

துத்தநாகம்: ஒளிரும், ஆனால் கொஞ்சம் மங்கலாக. சுமார் 2 நானோ வினாடி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊதா ஒளியை விழுங்கியதும் துத்தநாகப் போர்பிரின் இரண்டாவது மாடிக்குப் போய், அங்கிருந்தே மிக மங்கலாக ஊதாவில் ஒளிரும். அதன் ஆயுள் சுமார் 2 பிக்கோ வினாடிதான். பிறகு முதல் மாடிக்கு இறங்கி, அங்கிருந்து சிவப்பாக ஒளிரும். கேட் முறை இருந்ததால்தான் அந்தக் கணநேர ஊதா ஒளிர்வின் ஆயுளைக் கணக்கிட முடிந்தது.

தாமிரம்: நம் கண்ணுக்கு ஒளிராது. ஒரு பிக்கோ வினாடிக்குள்ளேயே ஆற்றல் வேறு நிலைக்கு நகர்ந்துவிடும்.

இரும்பு (ஹீம்): ஒளிராது. கிளர்வுற்ற நிலை பிக்கோ வினாடிக்குள் குலைந்து, சில பிக்கோ வினாடிகளில் பெரும்பாலான ஆற்றல் வெப்பமாகிவிடும்.

காரணம் நம்ம பாடப்புத்தகத்தில் உள்ள எலக்ட்ரான் அமைப்பிலேயே இருக்கு. மக்னீசியம் அயனியில் டி எலக்ட்ரான்களே இல்லை. துத்தநாக அயனியில் டி ஆர்பிட்டால்கள் பத்து எலக்ட்ரான்களோடு முழுவதும் நிரம்பிவிட்டன. இரண்டிலும் உலோகம் வளையத்தின் விஷயத்தில் ரொம்பத் தலையிடாது. ஆனால் தாமிரத்துக்கு டி எலக்ட்ரான் ஒன்பது. ஹீமில் உள்ள இரண்டு நேர்மின்சுமை கொண்ட இரும்புக்கு ஆறு. நிரம்பாத டி ஆர்பிட்டால்கள் என்றால், மேல் மாடிக்கும் தரைக்கும் நடுவில் நிறைய இடைப்படிகள் இருக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரான் ஒளியை வெளியிடக் காத்திருக்காமல், அந்தப் படிகளில் கடகடவென்று இறங்கிவிடும். அதுதான் அந்தப் பெரிய ஓட்டை!

ஒரு சந்தேகம் வரலாம். தோட்டத்துச் செடி ஏன் வெயிலில் சிவப்பாக ஒளிரவில்லை? உயிருள்ள இலையில் பச்சையம் தனியாக இல்லை. விழுங்கிய ஆற்றலை ஒளிச்சேர்க்கை மையத்துக்குக் கடத்திவிடுகிறது. மையத்தை அடைந்ததும் சில பிக்கோ வினாடிகளில் மின்சுமை பிரிந்து வேலை தொடங்கிவிடும். அதனால் 100 ஃபோட்டானில் ஒன்றிரண்டுதான் ஒளிர்வாக வெளியே வரும். ஸ்பிரிட்டில் கரைந்த பச்சையத்துக்கு ஆற்றலை எங்கேயும் கொடுக்க வழியில்லை. அதனால் பளிச்சென்று ஒளிர்கிறது. இலையின் அந்த மெல்லிய ஒளிர்வைச் செயற்கைக்கோளிலிருந்தே அளந்து பயிர்களின் நிலையைக் கணிக்கிறார்கள் என்பது கூடுதல் செய்தி.

பெட்டிச் செய்தி: ஊர்ப் பெயரிலேயே ஓர் உலோகம்!

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் இருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. குரோமியம் உப்புக் கரைசலில் தோலைப் பதப்படுத்துவதுதான் குரோம் முறை. தோலின் புரதத்தோடு குரோமியம் அணைவு உண்டாக்குகிறது. இதே மூன்று நேர்மின்சுமை கொண்ட குரோமியம்தான் மாணிக்கக் கல்லின் சிவப்புக்கும் காரணம். 1960-இல் மெய்மன் செய்த உலகின் முதல் லேசரே மாணிக்கக் கல்லால் ஆனது. கல்லுக்குள் குரோமியத்தின் கிளர்வுற்ற நிலை சில மில்லி வினாடிகள் வரை நிலைத்து, 694 நானோ மீட்டரில் ஒளிரும். ஆனால் அதே அயனி தண்ணீரில் கரைந்து, ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ இருந்தால், சாதாரண வெப்பநிலையில் கிட்டத்தட்ட ஒளிர்வதே இல்லை. சுற்றியுள்ள நீரின் அதிர்வு ஆற்றலைப் பறித்துவிடுகிறது. ஆக, உலோகம் யார் என்பது மட்டுமல்ல, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம்!

ஒளிரும் இரத்தம்: இதுதான் முக்கியமான செய்தி

"இரத்தம் ஒளிராது" என்று தலைப்பில் எழுதினேன் அல்லவா? சில சமயம் அதுவும் லேசாக ஒளிரும். எப்போது தெரியுமா? உடம்பில் இரும்பு குறையும்போது!

நம் எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நாளும் புதிய சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஹீம் தயாரிப்பின் கடைசிப் படியில், தயாராக இருக்கும் போர்பிரின் வளையத்துக்குள் ஒரு நொதி இரும்பைப் பொருத்தும். இரும்பு கிடைக்கவில்லை என்றால் அந்த நொதி சும்மா இருக்காது. கையில் கிடைத்த துத்தநாகத்தைப் பொருத்திவிடும். அப்படி உண்டாவதுதான் துத்தநாகப் புரோட்டோபோர்பிரின். அது ஆக்சிஜனைச் சுமக்காது, ஆனால் ஒளிரும்! சுமார் 420 நானோ மீட்டர் ஊதா ஒளி பட்டால் 595 நானோ மீட்டர் வாக்கில் ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிர்வு வரும்.

உடம்பில் ஈயம் சேர்ந்தாலும் இதே பொருள் அதிகமாகும். ஈயம் ஹீம் தயாரிப்பைக் கெடுத்து, இரும்பு போய்ச் சேருவதைத் தடுக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், ஒரே ஒரு சொட்டு இரத்தத்தின் ஒளிர்வை அளந்து இதைக் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்கினார்கள். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். எனவே அந்த ஒளிர்வு, கடந்த நான்கு மாதத்தில் மஜ்ஜைக்கு இரும்பு ஒழுங்காகக் கிடைத்ததா என்று சொல்லும் டைரி மாதிரி!

(கள்ள நோட்டு டார்ச்சை விரலில் அடித்து இதைப் பார்க்க முடியாது. ஒளிர்வு மிகக் குறைவு, அதற்கான கருவி வேண்டும். மேலும் காரணம் இரும்புக் குறைவா ஈயமா என்று இந்த ஒரு சோதனையே பிரித்துச் சொல்லாது. மருத்துவர்தான் மற்ற சோதனைகளையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.)

இது யாருக்கோ நடக்கிற விஷயம் இல்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கும், அதே வயது ஆண்களில் 100-க்கு 31 பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. நம்ம வகுப்பின் பெஞ்சுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவது, மூன்றாவது பீரியடிலேயே தூக்கம் வருவது, படித்தது மனதில் நிற்காதது எல்லாமே சோம்பேறித்தனம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். பல பேருக்கு அது சோம்பேறித்தனம் இல்லை. இரும்பு உட்கார வேண்டிய இடத்தில் இரும்பு போதவில்லை!

அதனால் பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியா வீசாமல் விழுங்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், முட்டை, மீன், ஈரல் எல்லாம் வீட்டில் முடிந்த அளவு சேர்த்துக்கொள்ளலாம். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவை சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் சேர்வது குறையும். களைப்பு தொடர்ந்து இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். "கீரையின் பச்சையமே உடம்பில் இரத்தமா மாறும்" என்று சிலர் சொல்வார்கள். வளையங்கள் ஒரே மாதிரி இருப்பது உண்மை. ஆனால் பச்சையத்தில் இருப்பது மக்னீசியம். அது இரும்பாக மாறாது. கீரையில் தனியாக இருக்கும் இரும்புதான் நமக்கு உதவுகிறது.

இரும்பை ஒளிர வைக்க முடியுமா?

இரும்பு ஒளியை வெப்பமாக்கிவிடுகிறது என்பது இன்னொரு இடத்திலும் பிரச்சினை. அது சூரிய மின்சாரம்.

1991-இல் சுவிட்சர்லாந்தில் ஓ'ரீகனும் கிராட்ஸலும் சாயம் பூசிய ஒரு புது வகைச் சூரிய மின்கலத்தைச் செய்தார்கள். பிறகு இத்துறையில் பெரிதும் பயன்பட்ட சாயங்கள் ரூத்தேனியம் அணைவுச் சேர்மங்கள். ரூத்தேனியத்தோடு மூன்று பைபிரிடின் ஈனிகள் சேர்ந்த அணைவை எடுத்துக்கொள்வோம். நீல ஒளியை விழுங்கி, சில பத்து ஃபெம்டோ வினாடிக்குள் மும்மை நிலைக்குப் போய்விடும். அங்கே போனதும் அவசரப்படாது. ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரில் சுமார் 600 நானோ வினாடி நின்று, ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிரும். அவ்வளவு நேரம் கிடைத்தால் எலக்ட்ரானைப் பிடுங்கி மின்சாரம் எடுக்கலாம்.

ஆனால் ரூத்தேனியம் அரிதான, விலை அதிகமான உலோகம். தனிம வரிசை அட்டவணையில் அதே தொகுதியில், அதற்கு நேர் மேலே இருப்பது யார்? நம்ம இரும்பு! பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைப்பது. அதே மூன்று ஈனிகளை இரும்போடு சேர்த்தால் அழகான சிவப்புக் கரைசல் வருகிறது. ஆனால் பயன்படும் கிளர்வுற்ற நிலை 0.2 பிக்கோ வினாடிக்குள் காணாமல் போய்விடும். பிடுங்க நேரமே இல்லை.

ஓட்டை எங்கே என்று தெரிந்தால் அடைக்க வழி தேடலாம் அல்லவா? ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கார்பீன் என்ற வலிமையான ஈனிகளை இரும்போடு சேர்த்தார்கள். வலிமையான ஈனி என்றால் டி ஆர்பிட்டால்களின் பிளவு அதிகம் (படிகப்புலக் கொள்கையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்). அந்த இடைப்படிகள் மேலே தள்ளப்பட்டு, இறங்கும் வழி அடைபட்டது. 2017-இல் சாதாரண வெப்பநிலையில் ஒளிரும் இரும்பு அணைவை அறிவித்தார்கள். ஆயுள் 100 பிக்கோ வினாடி. அடுத்த ஈராண்டுக்குள் அதை 2 நானோ வினாடிக்குக் கொண்டுவந்தார்கள். தேர்வுக்கு மட்டும் என்று நாம் படிக்கும் "வலிமையான ஈனி, வலிமை குறைந்த ஈனி" பட்டியல், நாளைய மலிவான சூரிய மின்கலத்துக்கு வழிகாட்டலாம்!

உங்களுக்குத் தெரியுமா?

1923-இல் சர் சி.வி. ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறிய ஒளியில் ஒரு மெல்லிய புது நிறத்தைக் கண்டார். முதலில் அதை "மங்கலான ஃபுளோரசன்ஸ்" என்றே கருதினார்கள். ஆனால் திரவத்தை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அது மறையவில்லை. 1928 பிப்ரவரி 28-இல் அது ஒளிர்வு அல்ல, புதுவகை ஒளிச்சிதறல் என்று தெரிந்தது. அதுவே ராமன் விளைவு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ராமனுக்கு 1930-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1930-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் ஃபிஷர் எதை ஆராய்ந்தார் தெரியுமா? ஹீமையும் பச்சையத்தையும்தான்!

நினைவில் வைக்க

ஒளி விழுங்கும் எல்லாப் பொருளும் ஒளிர்வதில்லை. விழுங்கிய ஆற்றல் எந்த வழியில் சீக்கிரம் வெளியேறுகிறதோ, அந்த வழிதான் வெல்லும். அணைவுச் சேர்மங்களில் அந்த வழியைத் தீர்மானிப்பது நடுவில் இருக்கும் உலோகமும், அதைச் சுற்றியுள்ள ஈனியும், கரைப்பானும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒரு சேர்மம் ஒளியாக மட்டும் இறங்கினால் 50 நானோ வினாடி ஆகும். உண்மையில் அதன் ஆயுள் 5 நானோ வினாடி. 100 ஃபோட்டானில் எத்தனை ஒளியாக வரும்?

2. கேட் முறையில் கண்ணாடியை 3 மி.மீ. நகர்த்தினால் எத்தனை பிக்கோ வினாடி தாமதம் கிடைக்கும்? (போய்த் திரும்புவதை மறக்க வேண்டாம்!)

3. மூன்று நேர்மின்சுமை கொண்ட அலுமினியம் அயனியில் டி எலக்ட்ரான்கள் இல்லை. அதைப் போர்பிரின் வளையத்துக்குள் வைத்தால் ஒளிருமா, ஒளிராதா? காரணம் கூறுக.

4. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்த மறுநாளே இரத்தத்தின் துத்தநாக ஒளிர்வு குறைந்துவிடுமா? சிவப்பணுவின் ஆயுளை நினைத்துப் பதில் எழுதுக.

விடைகளைத் தாளில் எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில் வெளிவரும்.

பிளஸ் டூ, முதல் குரூப் மாணவர்
அறிவியல் மன்றத்துக்காக